மிட்டாய்க் கடையில் முத்திரை வாங்கிய நோட்டுப் புத்தகம்!
லேசர் உரிமைக்காக 30 ஆண்டு காத்திருந்த விஞ்ஞானி

1957-ம் ஆண்டு, நவம்பர் 13-ந் தேதி.

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில், பிராங்ஸ் என்ற பகுதியில் ஒரு மிட்டாய்க் கடை. அந்தக் கடைக்குள் ஒருவர் நுழைந்தார். அவருக்கு வயது 37. அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

அவர் மிட்டாய் வாங்க வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முத்திரை வாங்க வந்திருந்தார்!

மிட்டாய்க் கடையில் முத்திரையா என்று கேட்கலாம். அந்தக் கடைக்காரர் ஒரு நோட்டரி. பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தேதியுடன் முத்திரை குத்தும் அதிகாரம் நோட்டரிக்கு உண்டு.

வந்தவர் நோட்டைத் திறந்து காட்டினார். அதில் 9 பக்கங்களுக்கு எழுத்தும், கணக்கும், படங்களும் இருந்தன. கடைக்காரர் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

முதல் பக்கத்தின் தலைப்பில் ஒரு புதிய சொல் இருந்தது. அந்தப் பொருளில் அதற்கு முன் யாரும் எழுதியதாகத் தெரியாத சொல் அது.

"லேசர்!"

இன்று கண் ஆஸ்பத்திரியில் லேசர் இருக்கிறது. கடையில் பொருளின் மேல் உள்ள கோடுகளைப் படித்து விலை சொல்லும் கருவியில் லேசர் இருக்கிறது. கடலுக்கு அடியில் போடப்பட்ட கண்ணாடி இழைகளின் வழியாக நம் குரலைக் கொண்டு போவதும் லேசர் ஒளிதான்.

அந்த லேசருக்குப் பெயர் வைத்தவர், மிட்டாய்க் கடைக்கு நோட்டுப் புத்தகத்துடன் போனவர். அவர் பெயர் கார்டன் கூல்டு.

ஆனால், "இது என் கண்டுபிடிப்பு" என்பதற்கான சர்க்கார் உரிமைப் பத்திரம் அவர் கைக்கு முழுமையாக வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா?

கிட்டத்தட்ட 30 ஆண்டுகள்!

நிலத்துக்குப் பட்டா, யோசனைக்கு பேட்டண்ட்

கூல்டு எதற்காகக் காத்திருந்தார்? அதைத் தெரிந்து கொள்ள, முதலில் "பேட்டண்ட்" என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் இதைக் காப்புரிமை என்று சொல்கிறோம்.

ஒருவர் ஒரு நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறார். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்த நிலத்தில் உழ முடியாது. அதுபோல, ஒருவர் புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தால், அந்த யோசனைக்கு சர்க்கார் கொடுக்கும் பட்டாதான் பேட்டண்ட்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிலத்தின் பட்டா பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். பேட்டண்டுக்குக் காலக் கெடு உண்டு. அமெரிக்காவில் அன்று இருந்த சட்டப்படி, பேட்டண்ட் கொடுத்த நாளில் இருந்து 17 ஆண்டுகள். அதன் பிறகு அந்த யோசனை ஊர்ப் பொதுச் சொத்து ஆகிவிடும்.

இது ஒரு பண்டமாற்று. கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, சில ஆண்டுகளுக்கு அதை வைத்துச் சம்பாதிக்கும் உரிமையை சர்க்கார் அவருக்குத் தரும்.

மனு கொடுத்த உடனே பேட்டண்ட் கிடைத்து விடாது. அதிகாரிகள் மனுவைப் பரிசீலிப்பார்கள். இது புதியதுதானா, வேறு யாராவது முன்பே செய்திருக்கிறார்களா, மனுவில் எழுதி இருப்பதை வைத்து இன்னொருவர் இதைச் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். ஆட்சேபணை எழுப்புவார்கள். அதற்குப் பதில் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகள் ஓடிவிடுவது சாதாரணம்.

ஆனால், கூல்டு காத்திருந்ததுபோல் காத்திருந்தவர்கள் மிகவும் குறைவு.

தூக்கம் வராத இரவு

கூல்டு 1920-ம் ஆண்டு, ஜூலை 17-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். 1957-ல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். அந்த வயதில் மற்றவர்கள் பேராசிரியர்களாக இருந்தார்கள். கூல்டு இன்னும் மாணவர்.

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டவுன்ஸ். இவர் "மேசர்" என்ற கருவியை 1954-ல் செய்து புகழ் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளைப் பெருக்கும் கருவி அது. அதேபோல் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பெருக்க முடியுமா என்று டவுன்ஸ் யோசித்துக் கொண்டிருந்தார்.

1957-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டவுன்சும் கூல்டும் இதுபற்றிப் பேசினார்கள். கூல்டு தன் ஆராய்ச்சியில் தாலியம் என்ற உலோகத்துக்கான விளக்குகளைப் பயன்படுத்தி வந்தார். அந்த விளக்கைப் பற்றி டவுன்ஸ் விவரம் கேட்டார்.

டவுன்ஸ் எதை நோக்கிப் போகிறார் என்பது கூல்டுக்குப் புரிந்து விட்டது. காரணம், கூல்டின் மனதிலும் அதே எண்ணம் ஓடிக் கொண்டிருந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் இரவு, தூக்கம் வராமல் படுத்திருந்த கூல்டுக்குத் திடீரென்று ஒரு வழி தோன்றியது. எதிர் எதிராக இரண்டு கண்ணாடிகள்! நடுவே ஒளி முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒளி பெருக வேண்டும்.

எழுந்து உட்கார்ந்தார். எழுதத் தொடங்கினார்.

அணிவகுத்து வரும் ஒளி

லேசர் ஒளிக்கும் விளக்கு ஒளிக்கும் என்ன வித்தியாசம்?

மாலையில் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் கிழக்கே ஓடுவான். இன்னொருவன் மேற்கே ஓடுவான். விளக்கு ஒளி அப்படித்தான். நாலாபக்கமும் சிதறும்.

குடியரசு தின விழாவில் ராணுவ வீரர்கள் வருவதையும் பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் ஒரே திசை. எல்லோருக்கும் ஒரே கால் வீச்சு. லேசர் ஒளி அப்படிப்பட்டது.

ஒரு பொருளில் உள்ள அணுக்களுக்கு வெளியில் இருந்து சக்தியை ஏற்றுகிறார்கள். சக்தி ஏறிய ஓர் அணுவை ஓர் ஒளித் துணுக்கு தொட்டால், அந்த அணு தன்னிடம் உள்ள சக்தியை இன்னோர் ஒளித் துணுக்காக வெளியே விடும். ஒன்று இரண்டு ஆகும். இரண்டு நான்கு ஆகும். எல்லாம் ஒரே திசையில், ஒரே சீராகப் போகும். இரு பக்கமும் உள்ள கண்ணாடிகள் அந்த ஒளியைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பெருக்கும்.

"தூண்டப்பட்ட கதிர் வீச்சால் ஒளியைப் பெருக்குதல்" என்ற பொருள் தரும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து, கூல்டு வைத்த பெயர்தான் லேசர்.

ஒரு தவறான எண்ணம்

நோட்டில் முத்திரை வாங்கியதற்குக் காரணம் இருந்தது.

அன்று அமெரிக்கச் சட்டத்தில், ஆபீசுக்கு முதலில் ஓடி வந்தவருக்கு உரிமை என்று இல்லை. முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. ஆனால், கண்டுபிடித்த தேதியை நிரூபிக்க வேண்டும். யோசனை தோன்றிய பிறகு, அதை விடாமல் தொடர்ந்து செய்து வந்ததையும் காட்ட வேண்டும். கூல்டின் நோட்டில் இருந்த முத்திரை, தேதிக்குச் சாட்சி.

1958-ம் ஆண்டு தொடக்கத்தில் கூல்டு ஒரு பேட்டண்ட் வக்கீலைப் பார்த்தார். அங்கேதான் விதி விளையாடியது.

வக்கீல் சொன்னதை அவர் தவறாகப் புரிந்து கொண்டார். லேசர் கருவியைச் செய்து காட்டினால்தான் மனு கொடுக்க முடியும் என்று எண்ணி விட்டார்.

உண்மையில் அப்படி இல்லை. கருவி கையில் இல்லாவிட்டாலும், அதைச் செய்யும் முறையைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும். இதைக் கூல்டு அறியவில்லை. யாரிடமும் மறுபடி கேட்டுத் தெரிந்து கொள்ளவும் இல்லை.

கருவியைச் செய்ய வேண்டும் என்று துடித்தார். டாக்டர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டார். "டி.ஆர்.ஜி." என்ற சிறிய ஆராய்ச்சிக் கம்பெனியில் 1958-ல் வேலைக்குச் சேர்ந்தார்.

இதற்கிடையே டவுன்ஸ் சும்மா இருக்கவில்லை. அவருடன் சேர்ந்தவர் ஆர்தர் ஷாலோ. இவர் டவுன்சின் சகோதரியை மணந்தவர். பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து ஒளியைப் பெருக்கும் முறையை எழுதினார்கள். 1958 ஜூலையில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தின் சார்பில் மனுப் போய் விட்டது! அதே ஆண்டு டிசம்பரில், அவர்கள் தங்கள் ஆராய்ச்சியை விஞ்ஞானப் பத்திரிகையிலும் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் அதைப் படித்தார்கள்.

கூல்டு மனுக் கொடுத்தது 1959-ம் ஆண்டு, ஏப்ரல் 6-ந் தேதி. சுமார் 8 மாதம் தாமதம். அவர் தன் யோசனையை அதுவரை பத்திரிகை எதிலும் வெளியிடவும் இல்லை.

அந்த 8 மாத தாமதம்தான் பின்னால் 28 ஆண்டு வழக்காக வளர்ந்தது.

சொந்த வேலைக்குத் தடை

கூல்டின் யோசனையை வைத்து டி.ஆர்.ஜி. கம்பெனி அமெரிக்க ராணுவ இலாகாவிடம் 3 லட்சம் டாலர் உதவி கேட்டது. இலாகா கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 10 லட்சம் டாலர்! கேட்டதைவிட மூன்று மடங்கு!

ஆனால், பணத்துடன் ஒரு பூட்டும் வந்தது. லேசர் வேலை ராணுவ ரகசியம் ஆக்கப்பட்டது. ரகசிய வேலையில் ஈடுபடுகிறவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும்.

கூல்டு முன்பு ஒரு காலத்தில் கம்யூனிஸ்டுக் குழுவில் கலந்து கொண்டவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது பெரிய குற்றம்போல் கருதப்பட்டது. அதனால் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளைக்குப் பந்தலுக்குள் இடம் இல்லை! அதுபோல் ஆயிற்று கூல்டின் நிலை. யோசனை அவருடையது. அதைக் கருவியாகச் செய்யும் வேலையில் அவர் நேரடியாகக் கலந்து கொள்ள முடியவில்லை.

போட்டி கடுமையாக இருந்தது. 1960-ம் ஆண்டு, மே 16-ந் தேதி, கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி முதல் லேசரை இயக்கிக் காட்டி விட்டார். செயற்கை மாணிக்கக் கல்லால் ஆன சிறிய தண்டு ஒன்றில் இருந்து சிவப்பு ஒளி பாய்ந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 22-ந் தேதி, டவுன்ஸ்-ஷாலோ மனுவுக்கு பேட்டண்ட் கிடைத்திருந்தது.

பெயர் வைத்தது கூல்டு. உரிமை டவுன்சுக்கும் ஷாலோவுக்கும். முதல் கருவி மைமனுக்கு. 1964-ல் டவுன்சுக்கு, ரஷிய விஞ்ஞானிகளான பாசவ், புரோகொரோவ் ஆகிய இருவருடன் நோபல் பரிசும் கிடைத்தது.

கூல்டின் கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். பேட்டண்ட் ஆபீசில் இருந்தது ஒரு பைல்.

எழுதாத கணக்கு

டவுன்சுக்குக் கொடுத்த உரிமை தனக்கே சேர வேண்டும் என்று கூல்டு தரப்பில் வாதாடினார்கள். நோட்டுப் புத்தகம் சாட்சிக்கு வந்தது.

1966-ல் அப்பீல் கோர்ட்டு கூல்டுக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது.

1957 நவம்பரில் எழுதிய நோட்டு சரி. ஆனால், அதன் பிறகு என்ன? 1958 ஜூலையில் எதிர்த் தரப்பு மனுக் கொடுக்கும் வரையில், கூல்டு இந்த வேலையை விடாமல் செய்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கோர்ட்டு கருதியது. நோட்டில் எழுதி இருந்த விவரமும் அந்தக் கண்டுபிடிப்பை முழுமையாக நிரூபிக்கவில்லை என்றது.

"எழுதாத கணக்கு அழுதாலும் தீராது" என்பது நம் ஊர்ப் பழமொழி. முதல் 9 பக்கங்களுக்கு முத்திரை வாங்கிய கூல்டிடம், அடுத்த சில மாதங்களுக்குத் தேதி போட்ட கணக்கு போதிய அளவு இல்லை.

வேறு எவராக இருந்தாலும் அத்துடன் விட்டிருப்பார்கள். ஆனால், கூல்டுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது.

அவர் 1959-ல் கொடுத்த மனு மிகப் பெரியது. அதில் பல கண்டுபிடிப்புகள் கலந்திருந்தன. ஒரு மனுவுக்கு ஒரு கண்டுபிடிப்புதான் என்பது விதி. ஆகவே, அதைப் பல மனுக்களாகப் பிரிக்க வேண்டி வந்தது. பிரித்தாலும், பழைய மனுவின் தேதி எல்லாவற்றுக்கும் உண்டு.

அதாவது, ஒரு வயலைப் பற்றிய வழக்கில் தோற்றாலும், பக்கத்து வயல்களின் பட்டா இன்னும் முடிவாகவில்லை.

1,000 டாலருக்குத் திரும்பிய கனவு

இதற்குள் டி.ஆர்.ஜி. கம்பெனி வேறு கைக்கு மாறியது. "கண்ட்ரோல் டேட்டா" என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது. மனுக்களின் உரிமையும் அதனுடன் போயிற்று. பிறகு அந்தக் கம்பெனி லேசர் தொழிலில் இருந்து விலகியது. முடிவாகாத மனுக்கள் அதற்குப் பாரமாகத் தோன்றின.

1970-ம் ஆண்டு வாக்கில் கூல்டு அவற்றைத் திரும்ப வாங்கிக் கொண்டார். விலை 1,000 டாலர். பிற்காலத்தில் பணம் வந்தால் அதில் சிறு பங்கும் தருவதாக ஒப்பந்தம்.

பின்னால் பல லட்சம் டாலர் பெறப் போகும் சொத்து, அன்று ஒரு பழைய மோட்டார் கார் விலைக்குக் கைமாறியது!

ஆனால், வக்கீலுக்குப் பணம் வேண்டுமே? கூல்டு அப்போது புரூக்ளின் பகுதியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்து வந்தார். 1973-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, ஒளி இழை மூலம் செய்தி அனுப்பும் கருவிகளுக்காக "ஆப்டெலிகாம்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். வருமானம் வழக்குக்குப் போதாது.

எனவே, வரப் போகும் பணத்தின் பங்கை விற்றார். "ரெபாக்" என்ற கம்பெனி பாதிப் பங்கை எடுத்துக் கொண்டு, வழக்கை நடத்த முன் வந்தது. பிறகு வக்கீல்களுக்கு ஒரு பங்கு. அதன்பின் இந்த பேட்டண்டுகளை வைத்தே "பேட்லெக்ஸ்" என்ற கம்பெனி உருவாயிற்று. கடைசியில் கூல்டிடம் மிஞ்சியது நூற்றுக்கு 20 பங்குதான். 80 பங்கு காத்திருந்த செலவுக்குப் போய் விட்டது.

பேட்லெக்ஸ் கம்பெனியின் பெரிய சொத்து கட்டிடமோ யந்திரமோ அல்ல. கிடைத்த பேட்டண்டுகளும், இன்னும் கிடைக்காத பேட்டண்டுகளும்தான்! அதில் பணம் போட்டவர்களும் கூல்டுடன் சேர்ந்து காத்திருந்தார்கள்.

முதல் வெற்றி

வக்கீல்கள் பழைய மனுவை மீண்டும் வரி வரியாகப் படித்தார்கள். லேசரின் உயிர், ஒளியைப் பெருக்கும் பகுதியில் இருக்கிறது. கண்ணாடிகள் பற்றிய வழக்கில் தோற்றால் என்ன? ஒளியைப் பெருக்கும் பகுதிக்கு உரிமை கேட்போம் என்று முடிவு செய்தார்கள்.

1977-ம் ஆண்டு, அக்டோபர் 11-ந் தேதி கூல்டுக்கு முதல் லேசர் பேட்டண்ட் கிடைத்தது. மற்றோர் ஒளியால் சக்தி ஏற்றப்படும் லேசர் பெருக்கிகளுக்கான உரிமை அது. மனுக் கொடுத்த நாளில் இருந்து 18 ஆண்டுகள் ஆகி இருந்தன. அவருக்கு வயது 57.

1979-ல் இன்னொரு பேட்டண்ட். பொருள்களைச் சூடாக்குவது, வெட்டுவது போன்ற லேசர் பயன்களுக்கானது அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டவுன்ஸ்-ஷாலோ பேட்டண்டின் 17 ஆண்டுக் கெடு 1977 மார்ச்சில் முடிந்து விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூல்டின் 17 ஆண்டு தொடங்கியது!

1960-ல் லேசர் ஆராய்ச்சிக் கூடத்துப் பொருள். அதை விலை கொடுத்து வாங்க ஆள் இல்லை. 1977-ல் நிலைமை வேறு. தொழிற்சாலையில் லேசர் இரும்பை வெட்டியது. 1974 முதல் கடைகளிலும் லேசர் வந்து விட்டது. கூல்டுக்குத் தாமதமாகக் கிடைத்த உரிமை, முன்பே கிடைத்திருந்தால் தந்திருக்கக் கூடியதைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளதாக மாறியது.

கம்பெனிகளின் கோபம்

லேசர் செய்யும் கம்பெனிகள் கொதித்தன. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அவர்கள் பல ஆண்டுகளாக உழைத்துத் தொழிலை வளர்த்தார்கள். டவுன்ஸ்-ஷாலோ பேட்டண்டுக்கு உரிமைப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. இப்போது திடீரென்று இன்னொருவர் வந்து 17 ஆண்டுக்குப் பணம் கேட்கிறாரே என்றார்கள். பணம் தர மறுத்தார்கள். கோர்ட்டில் சந்திப்போம் என்றார்கள்.

கொடுத்த பேட்டண்டை மறுபடி பரிசீலிக்க 1980-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, கூல்டின் இரண்டு பேட்டண்டுகளும் மீண்டும் மேஜைக்குப் போயின. பழைய பேட்டண்டுகளுக்கு இந்தப் புதிய சட்டம் செல்லாது என்று பேட்லெக்ஸ் வழக்குப் போட்டது. 1985-ல் அப்பீல் கோர்ட்டு, சட்டம் செல்லும் என்று கூறி விட்டது. ஆனாலும், மறு பரிசீலனையின் முடிவில் கூல்டின் பேட்டண்டுகள் பிழைத்தன.

இன்னொரு பெரிய மனு பாக்கி இருந்தது. வாயுவில் மின்சாரம் பாய்ச்சி இயக்கும் லேசருக்கான மனு அது. கூல்டு 1959-ல் எழுதியதை வைத்து ஒரு விஞ்ஞானி அப்படி ஒரு லேசரைச் செய்திருக்க முடியாது என்று பேட்டண்ட் ஆபீஸ் மறுத்திருந்தது. முடியும் என்று கூல்டு வழக்குத் தொடர்ந்தார். கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. சர்க்கார் அப்பீல் செய்தது. 1987-ல் அப்பீல் கோர்ட்டும் கூல்டின் பக்கமே நின்றது.

1987-ம் ஆண்டு, நவம்பர் 3-ந் தேதி அந்த பேட்டண்ட் கொடுக்கப்பட்டது.

மிட்டாய்க் கடையில் முத்திரை வாங்கிய நாளில் இருந்து கணக்குப் பாருங்கள். 30 ஆண்டுக்கு 10 நாள்தான் குறைவு!

கூல்டுக்கு அப்போது வயது 67. அதன்பின் அமெரிக்காவில் பெரும்பாலான லேசர் கம்பெனிகள் உரிமைப் பணம் கொடுக்க ஒப்புக் கொண்டன. 20 பங்கு மட்டுமே மிஞ்சிய போதிலும் கூல்டுக்குப் பல லட்சம் டாலர் வந்தது. 1991-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2005-ம் ஆண்டு, செப்டம்பர் 16-ந் தேதி, தமது 85-வது வயதில் அவர் காலமானார்.

லேசரைக் கண்டுபிடித்தவர் டவுன்சா, கூல்டா, மைமனா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மூவருக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்கிறவர்களே அதிகம்.

மாறிய சட்டம்

கூல்டின் கதையைப் போன்ற கதை இனி அமெரிக்காவில் நடப்பது கடினம்.

1995-ம் ஆண்டு, ஜூன் 8-ந் தேதி முதல் கெடுவின் கணக்கு மாறியது. புதிய மனுக்களுக்கு, மனுக் கொடுத்த நாளில் இருந்து 20 ஆண்டுதான் உரிமை. ஆபீசில் பைல் தூங்கினால், பொதுவாக உரிமைக் காலம் கரையும். ஆபீசால் ஏற்படும் சில தாமதங்களுக்கு மட்டும் ஈடாக நாட்களைச் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்தியாவிலும் மனுக் கொடுத்த நாளில் இருந்து 20 ஆண்டுதான் கணக்கு.

2000-ம் ஆண்டின் இறுதியில் இருந்து, அமெரிக்காவில் பெரும்பாலான மனுக்கள் 18 மாதத்தில் வெளியிடப்படுகின்றன. யார் எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று மற்றவர்கள் முன்கூட்டியே பார்த்துக் கொள்ளலாம்.

2013-ம் ஆண்டு, மார்ச் 16-ந் தேதி இன்னொரு மாற்றம் வந்தது. அங்கும் இப்போது முதலில் மனுக் கொடுப்பவருக்கே முதல் உரிமை. நோட்டில் முத்திரை வாங்கி வைத்துக் கொண்டு, பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். கூல்டு பொறுத்தார்; ஜெயித்தார். ஆனால், அவர் கொடுத்த விலை என்ன? டாக்டர் பட்டம் பாதியில் நின்றது. 100-க்கு 80 பங்கு கைவிட்டுப் போயிற்று. 37 வயதில் எழுதிய கணக்கு தீர்ந்தபோது அவர் முதியவர்.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு சிறிய சந்தேகம். கருவியைச் செய்து காட்டினால்தான் மனுக் கொடுக்கலாமா, அல்லது எழுதிக் கொடுத்தாலே போதுமா? அந்தக் கேள்வியை வக்கீலிடம் இன்னொரு முறை கேட்க ஐந்து நிமிடம் ஆகி இருக்கும்.

கேட்காததால் ஆனது 30 ஆண்டு.